ஒற்றைக் கோடு

பத்து மணி அடித்ததும் இருபத்தைந்து தலையும் குனிந்தாகிவிட்டது, இனி ஒரு மணி வரைக்கும் எனக்கு வேலை நடப்பதுதான், சன்னலிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து சன்னல் வரைக்கும். நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்காரக் கூடாது. உட்காரக் கூடாத நாற்காலியை எதற்குப் போடுகிறார்கள் என்று இந்தக் கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷமாக நான் யாரையும் கேட்டதில்லை, இனிக் கேட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஓய்வு பெற இன்னும் நாலு மாசம். வலது முழங்கால் இப்போதே முனக ஆரம்பித்துவிட்டது. பதினாலாம் எண் அறை, வெளியே மழை வரப்போகிற மூட்டம், மூன்று மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. முதல் வரிசையில் கணிதம், இரண்டாவதில் வணிகவியல், மூன்றாவதில் என் பொருளாதாரப் பிள்ளைகள். மூன்றாவது வரிசை, நாலாவது பெஞ்ச். அங்கே பார்க்காதே கோகிலவாணி. பார்க்காமல் எப்படி இருப்பது, பார்ப்பதற்குத்தானே என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பிரதீபா நெற்றியில் விழும் முடியை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு வேகமாக எழுதுகிறாள். ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டபோது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் டிக்கெட்டில் இருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று அவள் எழுதும் இந்தத் தாளைத் திருத்துவார்களா, குப்பையில் போடுவார்களா என்பது மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவாகும். தேர்வு கன்ட்ரோலர் அருள்செல்வத்தின் மேசையில் ஆணை தயாராக இருக்கிறது, முதல்வர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காப்பி அடித்த குற்றத்துக்காக இந்தப் பருவத்துத் தாள்கள் அத்தனையும் ரத்து, அடுத்த இரண்டு பருவம் தேர்வு எழுதத் தடை. குற்றம் சாட்டி எழுதிக் கொடுத்தவள் நான். அவள் காப்பி அடிக்கவில்லை என்று இன்று காலை ஆறேகால் மணியிலிருந்து எனக்குத் தெரியும். அதற்கு அத்தாட்சி அதோ மேசை மேல், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், என் கைப்பைக்குள் இருக்கிறது.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஒத்தக்கோடு. நேரில் சொல்லமாட்டார்கள், மாடிப்படியில் நான் திரும்புவதற்குள் சொல்லிவிட்டு ஓடுவார்கள். கோபம் வந்ததில்லை, சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பருவத்தின் முதல் நாள் ஒரு கேள்வியை எழுதிப் போடுவேன், ஆளுக்கு ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதவேண்டும், அந்தத் தாள் பருவம் முழுக்க அவர்களிடமே இருக்கும். கருத்து மாறினால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கிற மாதிரி இருக்கவேண்டும், கீழே தேதி போட்டுப் புதுக் கருத்து. நேற்று என்ன நினைத்தாய் என்பதை மறைக்காதே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாறாமல் இருப்பதற்குத்தான் வெட்கப்படவேண்டும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். வாய் வலிக்க வலிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பருவத்துக் கேள்வி, நம் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடலாமா. எங்கள் ஊரில் இது புத்தகக் கேள்வி இல்லை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது பட்டறையால், மீதிப் பேர் வீட்டுக் கிணறு பாழானது அதே பட்டறையால். இந்தப் பருவத்தின் முதல் தேர்விலும் அதையே கேட்டிருந்தோம். தாள் திருத்தும்போது அடுத்தடுத்து இரண்டு தாள். முதலாவது அஸ்வதியுடையது, மூடவேண்டும் என்று எழுதி, ஒரு தென்னந்தோப்பைச் சொல்லியிருந்தாள், பட்டறைத் தண்ணீர் இறங்கி இளநீர் உப்புக் கரித்த தோப்பு, யாரும் இளநீர் வாங்க வராததால் தோப்புக்காரர் கடைசியில் அதே பட்டறைக்கே இடத்தை விற்றுவிட்டாராம். நல்ல உதாரணம் என்று மார்ஜினில் டிக் போட்டேன். அடுத்த தாள் பிரதீபா. மூடக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதி, மேலிருந்து கீழாக ஒரு கோடு அடித்து, மூடவேண்டும் என்று திரும்ப இரண்டு பக்கம். அதிலும் அதே தோப்பு, அதே உப்பு இளநீர், அதே பட்டறைக்கு விற்பனை. பிரதீபாவுக்கு முன் பெஞ்சில் அஸ்வதி. எனக்கு என்ன தோன்றும்? எட்டிப் பார்த்திருக்கிறாள், முன்னால் இருப்பவள் நன்றாக எழுதியிருக்கிறாள் என்று தன்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதியிருக்கிறாள். கோடு அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான், கோட்டைப் பார்த்ததும் சந்தேகப்பட்டவளும் நான். அப்போது அது உறைக்கவில்லை, ஏனென்றால் முதுகு வலி, ஐம்பது தாள் பாக்கி, குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

விசாரணை போன வியாழக்கிழமை. அருள்செல்வம், இரண்டு துறைத் தலைவர்கள், நான். எதிரில் பிரதீபாவும் அவள் அப்பா நாச்சிமுத்துவும். பட்டறையில் துணி முக்குகிறவர், நகங்களில் நீலம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அருள்செல்வம் அந்த இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்தார், படித்திருக்க வேண்டாம், ஆனால் படித்தார். பட்டறைகளை மூடவேண்டும் என்று மகள் எழுதியிருப்பதைக் கேட்டுக்கொண்டே வந்த அந்த மனிதர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "எம் புள்ள அப்பிடியெல்லாம் எழுத மாட்டாளுங்க. பக்கத்துப் புள்ளயப் பாத்துத்தான் எழுதியிருப்பா. காப்பி அடிச்சான்னே வெச்சுக்குங்க சார், இந்த ஒரு தடவ மன்னிச்சு உட்ருங்க." அருள்செல்வத்துக்கு ஈர மனசு, அந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்று பார்த்தார். "என்னம்மா, அப்பா சொல்றது சரிதானே? ஆமான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு, அந்த ஒரு தாளோட முடிச்சுக்கலாம்." அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நான் சொல்லியிருப்பேன். "இல்லீங்க சார். காப்பி அடிக்கலைங்க. மூடக் கூடாதுன்னுதான் எழுதிட்டிருந்தனுங்க, எழுத எழுத மாறிருச்சுங்க." அப்பா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நான் கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது, இருபது நிமிஷத்தில் அப்படி எது உன்னை மாற்றியது என்று. "நீங்க சொன்ன தோப்புங்க மேடம். அந்த உப்பு எளநி." எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன், துளிக்கூட யோசிக்காமல், மூச்சு வாங்காமல் சொன்னேன், "நான் வகுப்பில் அப்படி எதுவும் சொல்லவே இல்லை." பொய் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, எனக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பெண் வாயைத் திறந்து மூடினாள். எழுந்து போகும்போது கதவருகில் அப்பாவுக்கு வழிவிட்டு நின்றாள், அவர் அவளைப் பார்க்காமல் கடந்து போனார். இந்தக் காட்சிதான் ஒரு வாரமாக நான் தோசை திருப்பும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வந்து வந்து நிற்கிறது, அப்போதெல்லாம் பாவம் அந்தப் பெண், பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன், அந்த நினைப்பாவது ஆறுதலாக இருந்தது.

பத்தரை மணி அடித்துவிட்டது. வணிகவியல் பெண் ஒருத்தி ஸ்கேலுக்குக் கையை நீட்டுகிறாள், கொடுக்கிறேன். காலையில் அந்த டைரியைத் திறந்திருக்கவே கூடாது. ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் வேலைக் குறிப்பு டைரிகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், பீரோவிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன், இந்த வருஷத்தது கீழே விழுந்து விரிந்தது. ஜூலை பதினெட்டு, கடைசிப் பீரியட். என் கையெழுத்து, என் பச்சை மை. "நேற்று பஸ்ஸில் கேட்ட உப்பு இளநீர்த் தோப்பைச் சொன்னேன். யாரும் தூங்கவில்லை." அவ்வளவுதான், இரண்டு வரி. காபி ஆறிப்போனது. படித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முதலில் மழை, பிறகு பஸ் சன்னலின் தார்ப்பாய், பிறகு பக்கத்து சீட்டு அம்மாள், மடியில் எலுமிச்சைப் பை, "எளநியக் குடிச்சா கண்ணுல தண்ணி வருதுங்க டீச்சர், அத்தன உப்பு" என்று அவள் சிரித்தது. அவள் முகம்கூட வந்தது. வகுப்பில் நான் சொன்னது மட்டும் இப்போதும் வரவில்லை. அறுபது பேர் முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் தூங்காமல் கேட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் எனக்குள் வெறும் சுவர். அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கியது. சுலோசனா அக்கா, சத்தியமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள், என்னைவிட ஆறு வயசு மூப்பு. அவளுடைய முதல் அறிகுறியே இந்த வாக்கியம்தான், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே." நெய் வாங்கி வா என்று சொல்லிவிட்டுச் சொல்லவே இல்லை என்பாள், எவ்வளவு உறுதி, எவ்வளவு கோபம், நாங்கள்தான் விளையாடுகிறோம் என்று அழுவாள். இப்போது கோபமும் இல்லை, போன மாசம் போனபோது "வாங்க டீச்சரம்மா, எங்க தங்கச்சியும் உங்க காலேஜ்லதான் இருக்கா, பாத்தா வரச் சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அந்த அழுகை நினைவிருக்கிறது, நடத்துனர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவிருக்கிறது, ஜூலை பதினெட்டு மட்டும் இல்லை. இரண்டு மணிக்கு நான் போய் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுகூட அப்புறம், அதை நான் என் வாயால் சொல்லி என் காதால் கேட்கவேண்டுமே, அதுதான் பயம். சொல்லாத வரைக்கும் அது வெறும் டைரி.

பதினொன்றரைக்கு மாராத்தாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள், இருபது வருஷமாக இந்த மாடியில் தண்ணீர் கொடுப்பவள். "மேடம், மொகமே செரியில்லையே, ஒரு டீ கொண்டாரட்டுங்களா?" வேண்டாம் என்றேன், பிறகு வேண்டும் என்றேன், அதற்குள் அவள் போய்விட்டாள். சரி, சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டைரியை யாரும் படிக்கப்போவதில்லை, அலுவலகத்தில் வாங்கிச் சாக்கில் கட்டிவிடுவார்கள். மார்ச்சில் மாலை போடுவார்கள், குத்துவிளக்கோ வெள்ளித்தட்டோ கொடுப்பார்கள், மாணவர்கள் மனதைத் திறந்த மேடம் என்று யாராவது பேசுவார்கள், நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அன்றைக்காவது நாற்காலியில் உட்காரலாம். ஒரு வருஷம்தானே, இளம் பிள்ளை, திரும்ப எழுதிக்கொள்வாள். எழுதிக்கொள்வாளா? நாச்சிமுத்து இனிப் படிக்க அனுப்புவாரா? அந்த மனிதருக்கு மகள் காப்பி அடித்தவளாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படி நினைத்தவளாக இருக்கக் கூடாது. நானும் அங்கேதானே நின்றேன், வேறு காரணத்துக்காக. இரண்டு பெரியவர்களும் சேர்ந்து அவளைக் காப்பி அடித்தவளாக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அஸ்வதி ஏன் வாய் திறக்கவில்லை, மற்ற ஐம்பத்தெட்டுப் பேர் ஏன் திறக்கவில்லை, ஒருத்தர்கூட வந்து மேடம் நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லவில்லையே. சொல்லியிருந்தால்? யோசித்துப் பார்க்கிறேன், துறை அறைக்கு ஒரு பிள்ளை வந்து நிற்கிறது, மேடம் நீங்க மறந்துட்டீங்க என்கிறது. போம்மா, போய் வேலையைப் பார் என்றிருப்பேன். இதே வாயால் சொல்லியிருப்பேன். சாயப்பட்டறை பற்றி, சாலை பற்றி, விலைவாசி பற்றியெல்லாம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல ஒருத்தருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழங்கால் கெஞ்சுகிறது. மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்கிறது. அவள்தான். "அடிஷனல் ஷீட் மேடம்."

எடுத்துக்கொண்டு போனேன், இருபது அடி தூரம், இருபது அடியும் முழங்காலை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஷீட்டை பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவளுடைய விடைத்தாள் விரிந்து கிடந்தது. வலது பக்கத்தில் பாதி கருப்பு. எதையோ எழுதி, வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். ஒற்றைக் கோடு இல்லை. குறுக்கும் நெடுக்குமாக, மேலும் கீழுமாக, ஒரு எழுத்துக்கூடத் தெரியாதபடி பேனாவால் அரைத்துத் தேய்த்திருந்தாள், ஓரிடத்தில் தாள் கிழிந்து அடுத்த பக்கம் தெரிந்தது. என் வகுப்பில் மூன்றாவது வருஷமாகப் படிக்கிற பெண். தேர்வு அறையில் பேசக் கூடாது என்ற விதியை இருபத்தைந்து பேருக்குக் காலையில் படித்துக் காட்டியவள் நான், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "ஏம்மா இப்படி?" அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை, அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "படிக்கிற மாதிரி இருந்தா வம்புங்க மேடம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஷீட்டை வாங்கிக்கொண்டாள். என் பேனா மூடியைப் போட மறந்து நடந்து வந்தேன், புடவையில் பச்சை மை. முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்ததை ஒரே வியாழக்கிழமையில் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்துவிட்டேன், அதையும் அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள், நல்ல மாணவி. நாற்காலியில் உட்கார்ந்தேன். பறக்கும் படை வரட்டும். கைப்பை மடியில் கனத்தது, டைரியின் விளிம்பு துணி வழியாகக் கையில் இடித்தது, நாலு மாசம், உப்பு இளநீர், நாலு மாசம், வாங்க டீச்சரம்மா. வெளியே மழை பிடித்துக்கொண்டது, சாரல் அடித்து சன்னலோரப் பையன் தாளை நகர்த்திக்கொண்டான், எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் முழங்கால் இறுகிப்போயிருந்தது.

ஒரு மணி. நூல் கட்டுங்கள், எண்ணைச் சரிபாருங்கள், எழுதுவதை நிறுத்துங்கள், எழுதுவதை நிறுத்துங்கள் என்று நாலு தடவை சொன்னேன். வரிசை வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாவது பெஞ்சில் அவள் தாளை நீட்டினாள், நான் வாங்கினேன், விடவில்லை, இரண்டு பேர் கையிலும் அது இருந்தது. "அந்தத் தோப்பு நான்தாம்மா சொன்னேன். மறந்துபோச்சு." சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். "தெரியுங்க மேடம். கிளாஸ்ல எல்லார்த்துக்கும் தெரியுமுங்க." "யாரும் வந்து சொல்லலையே." அவள் உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "உங்ககிட்டயுங்களா மேடம்?" பின் பெஞ்சில் யாரோ ஜியாமெட்ரி பெட்டியைக் கீழே போட்டார்கள். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள், இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். "எங்கப்பாகிட்டயும் சொல்லிருங்க மேடம். நானாத்தான் எழுதுனேன்னு. நான் சொன்னா நம்பமாட்டேங்கறாருங்க." அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அருள்செல்வம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு டைரியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு வரியையும் படித்தார், திரும்பப் படித்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், அதுதான் சிக்கல். "இதுக்கெதுக்குங்க மேடம் இவ்வளவு விசனம்? புதுசா ஒரு தாள்ல, சந்தேகம் எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. பழசைக் கிழிச்சிரலாம். பொண்ணுக்கு மன்னிப்புக் குடுத்தாச்சுன்னு அவங்கப்பாகிட்டச் சொல்லிக்கலாம். நாலு மாசத்துல போகப்போறீங்க, மறதி அது இதுன்னு ஃபைல்ல எதுக்கு?" ஃபைலை என் பக்கம் தள்ளினார். விசாரணையன்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் முதல் தாளாக இருந்தது, "நான் வகுப்பில் அப்படி எதுவும் சொல்லவே இல்லை," கீழே கையெழுத்து, என்ன அழகான கையெழுத்து. கிழித்தால் நான்காக மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது, அக்காவைப் பற்றி யாருக்கும் தெரியாத மாதிரி. எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அவ்வளவு களைப்பு. ஆனால் அவள் மன்னிப்புக் கேட்கவில்லையே. "கிழிக்க வேண்டாம் சார். அவங்கப்பாவை வரச் சொல்லுங்க, இதையே படிச்சுக் காட்டணும்." "மேடம்..." "வரச் சொல்லுங்க சார்." பேனாவை எடுத்தேன். மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன், நடுவில் கோணிக்கொண்டது. கீழே தேதி போட்டேன். நான் சொன்னேன், மறந்துவிட்டேன், அவள் காப்பி அடிக்கவில்லை, அவளாகவே மனம் மாறி எழுதினாள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அருள்செல்வம் ஃபைலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கோட்டுக்கு அடியில் இருந்த பழைய வாக்கியம் ஒரு எழுத்து விடாமல் அப்படியே படிக்க முடிந்தது.